பெயர் கொடுத்த முதலாளி

என் மச்சானுக்கு, அதாவது என் மூத்த சகோதரி ராத்தாவின் புருசனுக்கு, ஒரு பழக்கம் இருந்தது. புத்தளத்திலிருந்து கற்பிட்டி பஸ்ஸில் வரும்போது, இறங்கவேண்டிய இடத்துக்கு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கிவிடுவார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் மிச்ச வழியை நடந்தேதான் வருவார். அந்த வழியில் ஒரு ஹாட்வெயார் கடை. கடை நெற்றியில் பெரிய பலகை. பலகையில் அவருடைய பெயர், வாப்பாவின் முதலெழுத்தோடு, மூன்று மொழியிலும். ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று அதை அண்ணாந்து பார்ப்பார். எழுத்து ஒன்றும் உதிரவில்லை என்று உறுதியான பிறகு ரோட்டைக் கடந்து உள்ளே போய், கல்லாவுக்குப் பக்கத்துச் சுழல் கதிரையில் உட்கார்ந்து, "தேத்தண்ணி" என்பார்.

அந்தக் கடையில் அவருக்குச் சொந்தமாக இருந்தது அந்தத் தேத்தண்ணி மட்டும்தான். கடையும், கடைக்குள்ளிருந்த இரும்பும் சீமெந்தும் பெயின்றும், வாசலில் நின்ற லொறியும் இன்னொருவருடையவை. அவரைக் கரையோரத்தில் எல்லோரும் வாடிக்காரர் என்றே சொல்வோம். கடற்கரையில் மீன் இறக்கிக் காயவைக்கும் வாடியும் வள்ளங்களும் வைத்திருந்தவர். அந்த வள்ளங்களில் மீனைவிட வேறு சாமான்தான் அதிகம் வந்தது. முதலில் இந்தியாவிலிருந்து களவாகப் பீடி இலை வந்தது. மஞ்சள் இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டபிறகு மஞ்சள் மூட்டை வந்தது. அப்படி வருகிற சல்லியைக் கொண்டுபோய் வங்கியில் கொட்டினால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். கடையும் ஹோட்டலும் இருந்தால் வியாபாரத்தில் வந்தது என்று சொல்லலாம். அவற்றைத் தன் பெயரில் வைத்தால் தன்னைக் கேட்பார்கள். ஆகவே வாடிக்காரருக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. என் மச்சானிடம் பெயரைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. மாதச் சம்பளத்துக்கு அதைக் கொடுத்தார்.

பாவம் என்று சொல்லவும் ஒரு காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். சண்டைக் காலத்தில் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்களை இயக்கக்காரர்கள் உடுத்த உடுப்போடு அனுப்பியபோது அவர் இளந்தாரி. அதற்குப் பிறகு புத்தளத்தில் இருபது வருசம் அவருக்கு ஒரே பெயர்தான். அது அகதி. ரேசன் கடையில் அகதி, பள்ளிவாசல் கணக்கில் அகதி, சண்டை போட்ட பக்கத்துவீட்டுக்காரன் வாயிலும் அகதி. நாட்டுச் சண்டை முடிந்து, ரோட்டுக்குத் தார்க் கார்பட் போட்ட காலத்தில் திடீரென்று ஒருநாள் ஆட்கள் அவரை முதலாளி என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அந்த மயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் எங்கள் எல்லோரையும்தான் அகதி என்றார்கள். நாங்கள் யாரும் அதற்காகக் கிறுக்குப் பிடித்து அலையவில்லை.

நான் அப்போது புத்தளத்தில் ஒரு அச்சகத்தில் வேலை. ஹாட்வெயார் கடையின் பில் புத்தகம், மச்சான் பெயரில் கடற்கரையில் இருந்த ஹோட்டலின் பில் புத்தகம், வருசக் கலண்டர் எல்லாம் எங்களிடம்தான் அச்சுக்கு வரும். கலண்டரில் மக்காவின் படத்தைச் சின்னதாக்கித் தன் பெயரைப் பெரிதாக்கச் சொன்னார் மச்சான். மார்க்கத்துக்கு ஆகாது என்று அச்சக முதலாளி சொன்னபிறகுதான் விட்டார். பில் புத்தகங்கள் ஓடிய ஓட்டம் இன்னொரு வேடிக்கை. ஊரில் ஒருவரும் ஒரு கல்லுக்குமேல் ஒரு கல் வைக்காத மாரி மாதத்திலும் கடையில் சீமெந்து விற்றுத் தீர்ந்ததாக பில் இருக்கும். கற்பிட்டிக் கடற்கரை ஹோட்டலுக்கு, பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்கள் போன பிறகு, நாய்கூட எட்டிப்பார்க்காது. அந்த மாதங்களிலும் அறையெல்லாம் நிரம்பி வழிந்ததாகக் கணக்கு. நான் அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"மச்சான், ஹோட்டல்ல ஆர் தங்குற?"

"வருவாங்க, போவாங்க. பிஸ்னஸ் எண்டா அப்பிடித்தான்."

"ஒருத்தரையும் காணல்லயே."

"உனக்குக் காட்டிப்போட்டா தங்குவாங்க? என்ட பேர் இருக்குதானே, பிறகென்ன பயம் உனக்கு?"

இந்த வசனம்தான் அவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து. ஓட்டோக்காரர் வாடகை கேட்டாலும் இதுதான். கந்தூரிக்கு அரிசி கேட்டு வந்தவர்களுக்கும் இதுதான். பெயரை வைத்துக்கொண்டு சோறு ஆக்க முடியாது என்று தெரிந்து அவர்கள் வேறு வீடு பார்த்துப் போனார்கள்.

ராத்தாவின் வீட்டுக்குக் குளியலறை கட்டிய கதையைச் சொன்னால் போதும், மனிதரைத் தெரிந்துகொள்ளலாம். மேசன் சீமெந்து கேட்டார். மச்சான் என்னையும் கூட்டிக்கொண்டு தன் கடைக்குப் போனார். அஞ்சு பை ஏற்றச் சொன்னார். கடையில் நின்ற ஸ்டோர்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு பக்கமாகப் போய் வாடிக்காரருக்குப் போன் எடுத்தார். திரும்பி வந்து, "முதலாளி, முழு விலைக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க" என்றார். முதலாளிக்கே அப்படிச் சொன்னது யார் என்று அங்கே நின்ற ஒருவரும் கேட்கவில்லை. மச்சான் சட்டைப்பையிலிருந்து ராத்தா கொடுத்த சல்லியை எடுத்துக் கட்டினார். தன் பெயர் அச்சடித்த பில்லை வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டார். வழியில் என்னிடம் சொன்னார்: "கடைக்காரனே கழிவு விலைக்கு எடுத்தா கடை உருப்படுமா தம்பி? நான் அதில சரியான கண்டிப்பு."

ஹோட்டல் திறந்த அன்று கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கற்பிட்டி வெயிலில் கோட்டு. ரிப்பன் வெட்டியது வாடிக்காரர். கத்தரிக்கோல் வைத்த தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது முதலாளி. பிறகு சமையலறைக்குள் போய், தேங்காய்ப்பூ நிலத்தில் கிடந்தது என்று சமையற்காரரைப் பிடித்து ஏசினார். சமையற்காரர் உடப்பு ஊர்ப் பக்கத்து ஆள், வயதில் மூத்தவர். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஓம் முதலாளி, ஓம் முதலாளி" என்றார். மச்சான் அந்தப் பக்கம் போனதும் அங்கே எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. அவர் என் ராத்தாவின் புருசன் என்று அவர்களுக்கும் தெரியும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். அவர் வீட்டில் கைவைத்தார்.

அந்த வீடு ராத்தாவுடையது. முகாமில் கிடுகுக் கொட்டிலில் இருந்த காலத்திலேயே, மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதில், ராத்தா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அங்கத்தைய மெடம் பாஸ்போர்ட்டை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். வெளியே விடமாட்டாள். வங்கிக்குப் போவதெல்லாம் கனவு. தெருமுனைப் பலசரக்குக் கடைக்குத் தயிர் வாங்கப் போகும்போது, அந்தக் கடையில் நின்ற மலையாளியிடம் ராத்தா சம்பளத்தைக் கொடுப்பாள். அடுத்த நாள் புத்தளத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, கொட்டில் வாசலில் நின்று, அந்தப் பெறுமதிக்கு இங்கத்தைய சல்லியைக் கொடுத்துவிட்டுப் போவார். உண்டியல் என்று சொல்வது இதைத்தான். துண்டும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஒருதரமும் குறைந்து வந்ததில்லை. ராத்தா அப்படி உழைத்துத்தான் எத்தாளையில் காணி வாங்கி, கல்வீடு கட்டி, ஓடு போட்டாள். அவள் திரும்பி வந்தபோது கை விரல்களில் சவர்க்காரத் தூள் தின்ற தழும்பு இருந்தது. அது இன்றைக்கும் இருக்கிறது.

எங்கள் ஆட்களிடம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். மகளுக்குக் கலியாணம் சரிவந்தால் காவின் எழுதிக் கலியாணம் பதிய முதலே வீட்டை மகள் பெயருக்கு எழுதுவார்கள். வீடு எழுதாமல் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்கமாட்டார்கள். இதில் ஆண்கள் யாரும் வெட்கப்பட்டு நான் கண்டதில்லை. என் வாப்பாவும் உம்மாவின் வீட்டில்தான் இருந்தார். என் மச்சான் மட்டும் வெட்கப்பட்டார்.

ஹோட்டலைப் பெருப்பிக்க வங்கியில் கடன் எடுக்க வேண்டும், முதலாளியின் பெயரில் ஒரு சொந்த வீடாவது இருந்தால்தான் வங்கி நம்பும் என்று வாடிக்காரர் அவருக்கு ஓதியிருக்கிறார். மச்சான் ராத்தாவிடம் வந்து நின்றார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"பொஞ்சாதிட வீட்டில குந்தி இருக்கிறவன முதலாளி எண்டு ஆரு மதிப்பான்? கொஞ்ச நாளைக்கு என்ட பேருக்கு மாத்தித் தாங்க. புள்ளட கலியாணத்துக்கு நானே அவட பேருக்கு எழுதுறன்."

"எழுத வாணாம் ராத்தா" என்றேன் நான்.

"நீ சும்மா இரு தம்பி" என்றாள் ராத்தா. அவள் அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அந்த மனிதர் தன்னிடம் அதற்கு முதல் ஒன்றையுமே கேட்டதில்லை என்று பிறகு எனக்குச் சொன்னாள். நொத்தாரிசிடம் போய் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாள். அடுத்த கிழமை வீட்டு வாசல் தூணில் ஒரு சின்னப் பலகை ஏறியது. அதில் யாருடைய பெயர் இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

மஞ்சள் வள்ளம் ஒன்று கடற்படையிடம் பிடிபட்டதோடு எல்லாம் அவிழத் தொடங்கியது. வள்ளத்தில் வந்தவர்கள் லொறியைக் காட்டினார்கள். லொறி மச்சான் பெயரில் இருந்தது. லொறியிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து ஹோட்டலுக்கும் போனார்கள். களவுச் சல்லியை வெளுப்பதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ், மச்சான் பெயரில் இருந்த எல்லாவற்றையும் முடக்கச் சொல்லி நீதிமன்றக் கட்டளை வந்தது. விற்கவும் முடியாது, எழுதவும் முடியாது. எல்லாவற்றிலும் ராத்தாவின் வீடும் சேர்ந்துகொண்டது. மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்து, உறுதி எழுதத்தான் நாள் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

விசாரணைக்குக் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள். ராத்தாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். நான் துணைக்குப் போனேன். மச்சான் ஹோட்டல் திறப்புக்குப் போட்ட அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். விசாரித்த அதிகாரி சிங்களவர், மன்னாரில் வேலை செய்தவர், தமிழ் நன்றாகக் கதைத்தார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

"இந்த ஹாட்வெயார் யாருடைய?"

"என்ட சேர்."

"ஹோட்டல்?"

"அதும் என்டதான்."

"ஹோட்டலில் எத்தனை அறை?"

மச்சான் கூரையைப் பார்த்தார். "பத்து" என்றார். அங்கே ஆறு அறைதான். திறப்புக்குத் தட்டேந்தி நின்ற நாளைத் தவிர அவர் அறைகள் இருந்த மேல்மாடிக்குப் போனதே இல்லை.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். "ஐயா, நீங்க சம்பளத்துக்குப் பேர் குடுத்த ஆள் என்று எங்களுக்கு விளங்குது. யாருக்குக் குடுத்த என்று உங்க வாயால சொல்லணும். அது வாக்குமூலத்தில இருந்தா, இந்த வீடு வேற, இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை என்று நான் கோர்ட்டுக்கு எழுதலாம். சொல்லாட்டி, வீடு கட்டின சல்லி எங்க இருந்து வந்தது என்று நீங்கதான் காட்டணும். காட்டாட்டி களவுச் சல்லி என்றுதான் சட்டம் எடுக்கும்." பிறகு ராத்தாவைப் பார்த்தார். "அம்மா, வங்கித் துண்டு ஏதும் இருக்கா?"

"குவைத்தில உழைச்சது சேர். உண்டியல்ல அனுப்பினது."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "உண்டியலும் குற்றம்தான் அம்மா. அதைச் சொல்லி எனக்கு ஒன்றும் எழுத ஏலாது."

நான் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசை நிறைய நான் அச்சடித்த பில் புத்தகங்கள். விற்காத சீமெந்துக்கு பில் இருந்தது. தங்காத வெள்ளைக்காரனுக்கு பில் இருந்தது. பீடி இலையும் மஞ்சளும் கொண்டுவந்த சல்லிக்குக் கட்டுக்கட்டாகத் தாள் இருந்தது. வெளிநாட்டுக்காரி வீட்டுக் கக்கூசைக் கழுவி என் ராத்தா கொண்டுவந்த சல்லிக்கு ஒரு துண்டுத் தாள் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சட்டத்தையும் மச்சானையும் ஒன்றாகக் கட்டிக் கடலில் போட்டிருப்பேன்.

எல்லோரும் மச்சானைப் பார்த்தோம். ஒரு பெயரைச் சொன்னால் போதும். மகளின் கலியாணம் அந்த ஒரு பெயரில் நின்றது. மச்சான் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குப் பின்னால ஒருத்தரும் இல்ல சேர். எல்லாம் என்டதான். வீடும் நான் கட்டினதுதான்."

வாடிக்காரருக்குப் பயந்து அப்படிச் சொன்னார் என்று ஊரில் பிறகு சொன்னார்கள். பயந்த மனிதரின் முகத்தை எனக்குத் தெரியும். நான் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அந்த முகத்தில் பயம் ஒரு பொட்டும் இல்லை. இத்தனை பெரிய கந்தோரில், இத்தனை பெரிய அதிகாரிக்கு முன்னால், நான் ஒன்றுமில்லாதவன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் விசயம்.

ராத்தா வாய் திறக்கவில்லை. தான் சொன்னால் அவரைப் பொய்க்காரன் என்று உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளாம். அதிகாரி தாளைத் திருப்பி மச்சான் பக்கம் தள்ளினார். "சரி முதலாளி மாத்தயா, கையெழுத்துப் போடுங்க" என்றார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மச்சான் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் பஸ் சிலாபம் தாண்டியது. பிறகு மச்சான் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்: "பார்த்தியா தம்பி, எவ்வளவு பெரிய ஓபிசர். என்னை முதலாளி மாத்தயா எண்டுதான் கூப்பிட்டான்." முன் சீற்றில் இருந்த ராத்தாவுக்கும் அது கேட்டது. அவள் எழும்பிப் போய்ச் சாரதிக்குப் பின்னால் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான ஆட்கள். சத்தம் போடவில்லை, ஏசவில்லை. வீட்டுப் பிரச்சினை முடியட்டும் என்றார்கள். அந்த வருசமே எலுவன்குளத்துப் பக்கம் வேறு பெண் எடுத்தார்கள். மகள் வாப்பாவோடு கதைப்பதை நிறுத்தினாள். வாடிக்காரர் சம்பளத்தை நிறுத்தினார். மச்சான் கொஞ்சநாள் உள்ளே இருந்து பிணையில் வந்து, மாதக் கடைசியில் பொலிசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். அதற்கும் ஸ்திரி போட்ட சட்டைதான். ஒரு தரிப்பிடம் முன்னால் இறங்குவதை அப்போதும் அவர் விடவில்லை. கடைக்கு சீல் வைத்திருந்தார்கள். பலகையைக் கழற்ற யாருக்கும் அதிகாரம் இல்லாததால் பலகை அப்படியே இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்து ராத்தா வைத்த சோற்றைத் தின்பார். வழக்கு முடிய முதல், நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார்.

அவருக்கு ஆண் பிள்ளை இல்லை. ஆகவே ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் பள்ளிவாசலில் எழும்பி நின்று, மௌத்தானவருக்கும் யாருக்கும் இடையில் கொடுக்கல் வாங்கல் இருந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள், அவரை மன்னித்துவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். முன் வரிசையில் வாடிக்காரர் வெள்ளைத் தொப்பியோடு நின்றார். மையவாடியில் மண் போட்டு முடிந்ததும் என்னிடம் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார்.

"எனக்கும் அவருக்கும் இருந்ததையெல்லாம் நான் மன்னிச்சிட்டன் தம்பி. ராத்தாவுக்குச் சொல்லுங்க."

நான் கையை இழுத்துக்கொண்டேன். புருசனுக்காக வீட்டோடு துக்கம் காக்கும் இத்தாவில் இருந்த ராத்தாவிடம் போய் அப்படியே சொன்னேன்.

"என்னத்த மன்னிச்சாராம்?" என்று கேட்டாள்.

பிறகு அவளே சொன்னாள்:

"இத்தா முடியட்டும். நீ என்னைக் கொழும்புக்குக் கூட்டிப் போகணும்."

இத்தா முடிந்த கிழமையே போனோம். அதே அதிகாரி, அதே மேசை. ராத்தா இருக்கவில்லை, நின்றுகொண்டே வாடிக்காரரின் பெயரைச் சொன்னாள். வாப்பாவின் பெயர், வாடி இருக்கிற இடம், சம்பளம் கொண்டுவந்து கொடுத்த ஆளின் பெயர் எல்லாவற்றையும் சொன்னாள். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி பேனையைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருந்தார்.

"அம்மா, இது பெரிய ஆள். உங்க புருசன் இங்கயே இருந்தாரே, அவர் ஏன் இதைச் சொல்லல்ல?"

"அவருக்கு முதலாளியா மௌத்தாகணும் எண்டு ஆசை சேர். எனக்கு அப்பிடி ஆசை ஒண்டும் இல்ல. எழுதுங்க" என்றாள் ராத்தா.